ஒரு கிளைக்காக எழுதிய மனு

காற்று அடித்தால் சன்னலைச் சாத்துவதா, திறந்து வைப்பதா என்கிற சண்டையிலேயே எங்கள் கல்யாண வாழ்க்கையின் முதல் பதினோரு வருடம் போயிற்று. சாத்துகிற கட்சி நான். திறக்கிற கட்சி என் மனைவி. அந்தச் சண்டையில் கடைசியில் ஜெயித்தது நான்தான். எப்படி ஜெயித்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

எழுபதுகளில் நாங்கள் டெல்லியில், சரோஜினி நகர் அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு என்று நான்கு குடும்பம் இருக்கிற கட்டடம். ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசை வரிசையாகக் கட்டடங்கள். எங்களுடையது மேல் வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, மேற்கே பார்த்து ஒரு சின்ன பால்கனி. பால்கனிக்கு நேர் எதிரே, கை நீட்டினால் இலையைப் பறிக்கிற தூரத்தில், ஒரு வேப்பமரம். அதை யார் நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் குடிவந்தபோதே அது மொட்டைமாடியைத் தாண்டி வளர்ந்திருந்தது.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளன். வெள்ளைச் சட்டையோடு போய், வெள்ளைச் சட்டையாகவே திரும்பி வருவதைக் கௌரவமாக நினைத்தவன். டெல்லித் தூசி அப்படிப்பட்ட ஆளைச் சும்மா விடுமா? மே மாதத்தில் காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். தயிரை மூடாமல் வைத்துவிட்டால் ஏட்டின் மேல் இன்னொரு ஏடு படியும். அதனால் மேற்கு வானம் கொஞ்சம் நிறம் மாறினாலே எழுந்து ஒவ்வொரு சன்னலாகச் சாத்த ஆரம்பித்துவிடுவேன். நான் முன்னறையில் சாத்திக்கொண்டு வரும்போதே அவள் பின்னறையில் திறந்துகொண்டு போவாள்.

"ஏளா, உள்ள வா. தூசி வருது" என்று கத்துவேன்.

"வரட்டுமே. பெறவு நான்தானே பெருக்கப் போறேன்" என்று பால்கனியிலிருந்து பதில் வரும்.

அது நியாயமான பதில். நான் ஒரு நாளும் துடைப்பத்தைத் தொட்டதில்லை. ஆனாலும் பதினோரு வருடம் விடாமல் கத்தினேன்.

அவள் தென்காசிப் பக்கத்துக்காரி. ஊர்க் காற்றை நினைத்துக்கொண்டுதான் இப்படி நிற்கிறாள் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். ஒரு நாள் கேட்டும் விட்டேன். சிரித்தாள்.

"அந்தக் காத்து வேற, இந்தக் காத்து வேற. அது தெனமும் வார சொந்தக்காரன் மாதிரி. இது எப்ப வரும், என்னத்தக் கொண்டு வரும்னு ஒண்ணும் தெரியாது. அதான் நல்லா இருக்கு" என்றாள்.

டெல்லிக்கு வந்த இரண்டாவது வருடத்திலேயே இந்த ஊர்க் காற்றையெல்லாம் அவள் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருந்தாள். பாதி, வேப்பமரத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. மீதி, காய்கறி வண்டிக்காரரிடம் அரைகுறை ஹிந்தியில் கேட்டுத் தெரிந்துகொண்டது. பிப்ரவரிக் கடைசியில் குளிர் விட்டதும் ஒரு காற்று வரும். அதற்கு மரம் பழுத்துப்போய், பத்துப் பதினைந்து நாளில் அத்தனை இலையையும் கொட்டிவிடும். கொட்டி முடிப்பதற்குள் செப்பு நிறத்தில் கொழுந்து வந்துவிடும். மரம் ஒரு வாரம்கூட மொட்டையாக நிற்காது என்பதை அவள் எனக்கு ஒவ்வொரு வருடமும் புதுச் செய்தியாகச் சொல்வாள். ஏப்ரல் பிறந்ததுமே பூ. பால்கனியில் பழைய சேலையை விரித்து வைப்பாள். காற்றே உதிர்த்துக் கொடுக்கும். காயவைத்துப் பொட்டலம் கட்டி, சுற்றியிருக்கிற தமிழ் வீடுகளுக்கெல்லாம் சித்திரை முதல் தேதிப் பச்சடிக்குக் கொடுத்தனுப்புவாள். மே மாதத்தில் லூ என்று ஒரு அனல்காற்று, அது மட்டும் அவளுக்குப் பிடிக்காது. "அது காத்தா? அடுப்பத் திறந்து வச்ச மாதிரிலா இருக்கு" என்று அந்த ஒரு காற்றுக்கு மட்டும் அவளே சன்னலைச் சாத்துவாள். ஜூன் கடைசியில் ஒரு நாள், கிழக்கிலிருந்து ஈரக்காற்று வந்து, காயப்போட்ட துண்டு காயாமல் கிடக்கும். "பூர்வாயி வந்துட்டு. இனி மழைதான்" என்பாள். ஒரு வாரத்தில் மழை வரும். வானொலிக்காரர்கள் அதற்கும் இரண்டு நாள் கழித்துத்தான் சொல்வார்கள்.

எல்லாவற்றையும்விட அவள் காத்திருந்தது ஆந்திக்கு. வெயில் உச்சத்தில் இருக்கிற நாளில், மத்தியானத்துக்கு மேல், மேற்கே வானம் செங்கல் நிறமாகும். அரை மணியில் பகல் இருட்டாகி, புழுதியோடு சூறைக்காற்று வந்து ஊரையே உலுக்கும். எல்லா வீட்டுப் பெண்களும் கொடியில் காய்கிற துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். இவள் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே ஓடுவாள். கொண்டையை அவிழ்த்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மரத்துக்கு எதிரே நிற்பாள். எனக்கு அது வெட்கமாக இருக்கும். அடுத்த வரிசையில் என் செக்‌ஷன் அதிகாரியின் வீடு. அவர் மனைவி பார்த்தால் என்ன நினைப்பார் என்று நான் உள்ளே நின்று வேர்ப்பேன். அந்த அம்மாள் பார்த்தாரோ இல்லையோ, நான் அதையே நினைத்துக்கொண்டு என் மனைவியைப் பார்க்காமல் விட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் வரிசையில் ஒவ்வொரு வீடாகக் கூலர் வந்தது. தகரப் பெட்டி, உள்ளே மின்விசிறி, மூன்று பக்கமும் தண்ணீரில் நனைகிற புல் தட்டி. அதை வைத்தால் அறை குளுகுளுவென்று இருக்கும். சும்மா சொல்லக்கூடாது, கூலர் சத்தம் கேட்காத வீடு ஒரு மாதிரி ஏழை வீடாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. நானும் ஒன்றுக்குச் சொல்லி வைத்தேன். அளவெடுக்க வந்த தகரக் கடைக்காரர் பால்கனியில் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"பாபுஜி, வைக்கிற இடம் இது ஒண்ணுதான். ஆனா அந்தக் கிளை பெட்டிமேல உரசும். இலையும் பூவும் தண்ணில விழுந்து மோட்டாரை அடைக்கும். அந்த ஒரு கிளையை எடுத்துடுங்க" என்றார் ஹிந்தியில்.

காலனிப் பராமரிப்பு அலுவலகத்தை எல்லோரும் என்கொயரி என்றுதான் சொல்வார்கள். குழாய் ஒழுகினால், கதவு ஆடினால் அங்கேதான் போய்ச் சொல்ல வேண்டும். போய்க் கிளையைப் பற்றிச் சொன்னேன். அங்கே இருந்தவர் தலையைத் தூக்காமல், "மரம் எங்க விஷயமில்ல, தோட்ட இலாகா. வாயால சொன்னா நடக்காது. எழுதிக் கொடுங்க, அனுப்பி வைக்கறோம். நாலு வீட்டுக்காரங்களும் கையெழுத்துப் போட்டா நல்லது" என்றார்.

எழுதிக் கொடுப்பது எனக்குப் பிடித்த காரியம். எங்கள் அலுவலகத்தில் சிக்கலான கடிதம் என்றால் என் மேசைக்குத்தான் வரும். அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசாங்கத்தில் எதைக் கேட்டாலும் கேட்டது கிடைக்காது என்பது எங்கள் அரிச்சுவடி. செக்‌ஷனுக்கு மூன்று நாற்காலி வேண்டுமென்றால் பத்து நாற்காலி கேட்டு எழுத வேண்டும். மேலே ஒருவர் ஆறு என்று திருத்துவார், அதற்கு மேலே ஒருவர் மூன்று என்று திருத்துவார். மூன்று என்றே உண்மையாக எழுதினால் ஒன்றுகூட வராது. இருபது வருடம் நாங்கள் எல்லோரும் இப்படித்தான் எழுதினோம், இப்படித்தான் வெட்டினோம். அதில் பொய் இருப்பதாகவே யாருக்கும் தோன்றியதில்லை.

அதனால் ஒரு கிளை வேண்டும் என்பதற்காக, மரத்தையே வெட்டச் சொல்லி எழுதினேன். முழு ஒரு பக்கம், நல்ல ஆங்கிலம். அடிமரம் உள்ளே பொத்தலாகிவிட்டது. மரம் கட்டடத்தின் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த ஆந்தியில் விழுந்தால் நான்கு குடும்பங்களின் உயிருக்கும், கீழே விளையாடும் குழந்தைகளின் உயிருக்கும் ஆபத்து. எதுவும் நேர்ந்தால் இந்த எச்சரிக்கை முன்கூட்டியே கொடுக்கப்பட்டது என்பது பதிவில் இருக்கும். கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு எனக்கு நானே தலையை ஆட்டிக்கொண்டேன். எந்த அதிகாரியையும் பயமுறுத்துகிற வாக்கியம் அது. மரத்தில் பொத்தலுமில்லை, சாய்வுமில்லை. குத்துக்கல் மாதிரி நேராக நின்றது.

மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள். பெண்களும் போட்டால் எண்ணிக்கை கூடுமே என்று வீட்டில் அவளிடமும் நீட்டினேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"கூலருக்கு ஒரு மனு. ஜல்தி போடு, நான் போகணும்."

கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, கடைசி வரியில் தமிழில் நிதானமாகப் போட்டாள். அவளுக்கு உருண்டையான, அழகான எழுத்து. ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் இருந்த கிறுக்கல்களுக்குக் கீழே அது தனியாகத் தெரிந்தது. மனுவை அன்றே கொடுத்துவிட்டேன்.

கூலர் ஏப்ரலில் வந்தது. கிளைதான் வரவில்லை, அதாவது கிளைக்கு யாரும் வரவில்லை. நான் தகரப் பெட்டிக்கு முன்னால் நின்று அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே போய் ஒரு பழைய சேலையிலிருந்து கரையைக் கிழித்து எடுத்து வந்தாள். கிளையை வளைத்து இழுத்து, பால்கனிக் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள். பெட்டிமேல் கொசுவலைத் துண்டு ஒன்றைப் போர்த்தி நாலு முனையிலும் முடிச்சுப் போட்டாள். மொத்தம் ஐந்து நிமிஷம். அந்தக் கோடை முழுக்க ஒரு இலைகூடத் தண்ணீரில் விழவில்லை. மரத்து நிழல் விழுந்ததால் மற்ற வீட்டுக் கூலர்களைவிட எங்களுடையது குளுமையாகவே ஓடியது.

அன்றைக்கே நான் என்கொயரிக்குப் போய் மனுவைத் திரும்ப வாங்கியிருக்கலாம். இரண்டு வரி போதும். ஏன் போகவில்லை? மரத்தில் பொத்தல் இல்லை என்று எழுதினால் முன்பு எழுதியது பொய் என்றாகிவிடும். என் கையால் நானே அப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை. எப்படியும் அவர்கள் எதுவும் செய்யப் போவதில்லை என்ற நம்பிக்கை வேறு. பிறகு மறந்துபோனேன். மறந்துபோனேன் என்று எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

அடுத்த வருடம் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டு நான் படுத்திருந்தேன். எங்கள் மகள், அப்போது ஏழு வயது, கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம் விளையாடப் போயிருந்தாள். காலையிலிருந்து ஒரு இலைகூட அசையவில்லை. மூன்று மணி இருக்கும், பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, இங்கன வாங்களேன். பருந்தெல்லாம் எவ்வளவு உசரத்துல சுத்துது பாருங்க."

நான் எழுந்து போனது பருந்தைப் பார்க்க இல்லை, அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்த. பால்கனியில் கால் வைத்து, "ஏளா, உள்ள வா. தூசி" என்று ஆரம்பிப்பதற்குள் முதல் வீச்சு வந்துவிட்டது. என் பின்னால் கதவு படாரென்று அடித்துச் சாத்திக்கொண்டது. உள்பக்கத்துப் பழைய தாழ்ப்பாள் அந்த அதிர்ச்சியில் தானாக விழுந்தது. தள்ளினேன், இடித்தேன். திறக்கவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளை ஜிப்பாவோடு நான் ஆந்திக்கு நடுவில் நின்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னைக்கு வசமா மாட்டிக்கிட்டீங்க" என்றாள்.

முதலில் கண்ணை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். வாயெல்லாம் மண். "கண்ணத் தொறங்க. மரத்தப் பாருங்க. மரத்துக்கு இந்தப் பக்கம் தூசி அவ்வளவா வராது" என்று என் கையைப் பிடித்துக் கம்பிக்கு அருகே இழுத்தாள். அது உண்மைதான். வேப்பமரம் அத்தனை புழுதியையும் தன் மேல் வாங்கிக்கொண்டு, எங்கள் பங்குக்குக் காற்றை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. பதினோரு வருடம் அவள் ஏன் அந்த இடத்திலேயே போய் நின்றாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் காற்றில் மரம் நின்ற விதத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. முழு மரமும் ஒரு பக்கம் சாய்ந்து, இலையின் வெளுத்த அடிப்பக்கமெல்லாம் தெரியக் கிடந்து, பிறகு நிமிர்ந்து மறுபடி சாய்ந்தது. கசங்கிய வேப்பிலை வாசம். பச்சைக் காய்கள் கல் எறிந்த மாதிரி எங்கள் மேல் விழுந்தன. எங்கேயோ ஒரு தகரம் பறக்கிற சத்தம். அப்புறம் பெரிய பெரிய சொட்டாகக் கொஞ்சம் மழை. என் ஜிப்பாவில் ஒவ்வொரு சொட்டும் ஒரு சேற்றுப் புள்ளி வைத்தது. திடீரென்று குளிர்ந்தது. கை மயிரெல்லாம் சிலிர்த்தது. மண் வாசனை வந்தது. நான் அவள் கையை விடாமல் நின்றுகொண்டிருந்தேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் வெட்டவெளியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றது அதுவே முதல் தடவை.

சந்தோஷமாக இருந்தேன். அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அத்தனை சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"பரவாயில்ல" என்றேன். நான் கொடுக்கிற உயர்ந்தபட்சச் சான்றிதழ் அதுதான். அவளுக்கு அது தெரியும்.

அந்த நேரத்தில்தான் மனு நினைவுக்கு வந்தது. சேலைக் கரையால் கட்டிய கிளை என் முழங்கைக்குப் பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நினைவு வந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று மூடிக்கொண்டேன். நாளைக்குப் போய் மனுவைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். அதற்குள் எங்கள் மகள் மேலே வந்து, உள்ளிருந்து தாழ்ப்பாளைத் தூக்கிக் கதவைத் திறந்தாள்.

"அப்பா, பாஹர் நின்னு என்ன பண்ற? உன் குர்த்தா பூரா கந்தா ஆயிடுச்சு" என்றாள். வெளியே என்பதும் அழுக்கு என்பதும் அவளுக்கு ஹிந்தியில்தான் வரும். நாங்கள் இருவரும் சிரித்ததைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அவசர வேலை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை அடித்த அதே ஆந்தியில் காலனியின் மறுகோடியில் ஒரு பெரிய மரம் சாய்ந்து ஸ்கூட்டர் கொட்டகையை நசுக்கிவிட்டது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேலிடத்திலிருந்து தோட்ட இலாகாவுக்கு நல்ல டோஸ். ஆபத்தான மரம் என்று வந்த பழைய மனுக்களையெல்லாம் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். என்னுடையது தெளிவாக, பயங்கரமாக, எச்சரிக்கையோடு எழுதப்பட்டிருந்தது. அதைத்தான் முதலில் எடுத்தார்களாம்.

புதன்கிழமை மத்தியானம் பியூன் வந்து, "உங்க வீட்லேருந்து ஃபோன் வந்துச்சு சாப். நீங்க சீட்ல இல்ல" என்றான். எங்கள் வீட்டில் ஃபோன் கிடையாது. அவசரம் என்றால் அவள் மார்க்கெட் மருந்துக்கடையிலிருந்து பேசுவாள். கேஸ் சிலிண்டர் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் வரிசைக்குள் திரும்பினேன். கட்டடத்தின் பின்பக்கம் வெளிச்சம் அதிகமாக இருந்தது. வேறு வரிசைக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு நொடி சந்தேகம். பின்னால் போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில் வெள்ளையாக ஒரு அடிக்கட்டை. உள்ளே ஒரு பொத்தல் இல்லை. சுற்றிலும் மரத்தூளும் இலையும். பால்கனிக் கம்பியில் சேலைக் கரை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

நடந்ததை எனக்குச் சொன்னது கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாள். அரிவாளும் ரம்பமுமாக ஆட்கள் வந்ததும் என் மனைவி கீழே ஓடிவந்து மரத்தின் முன்னால் நின்றுகொண்டாளாம். "நஹீ, நஹீ, இது நல்ல மரம்" என்று தமிழிலும் ஹிந்தியிலுமாகச் சொன்னாளாம். மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான். சத்தம் போடாமல் பையிலிருந்து மனுவை எடுத்துக் காட்டியிருக்கிறார். "பெஹன்ஜி, நீங்கதானே கேட்டீங்க. இது உங்க கையெழுத்து இல்லையா? இந்தக் கட்டடத்துல மதராஸிங்க நீங்க ஒரு வீடுதானே" என்று கேட்டிருக்கிறார். அவள் தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாளாம். அவர் வரிவரியாக ஹிந்தியில் சொன்னாராம். பொத்தல், சாய்வு, குழந்தைகளின் உயிர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று நிறுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறாள்.

"முடியும். மனு எழுதினவரே வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா நிறுத்திடறேன்" என்றாராம் அவர்.

எழுதத் தெரிந்தவன் நான். அலுவலகத்தில் உட்கார்ந்து யாருக்கோ என்னவோ எழுதிக்கொண்டிருந்தேன். அவள் வெயிலில் மருந்துக்கடைக்கு ஓடி ஃபோன் செய்து, நான் கிடைக்காமல், திரும்பி ஓடிவந்திருக்கிறாள். அதற்குள் பாதி மரம் கீழே கிடந்தது. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள்.

நான் மேலே போனபோது காப்பி கொண்டுவந்து வைத்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. எனக்குத்தான் வாய் ஓயவில்லை. ஒரு கிளைதான் எனக்கு வேண்டியிருந்தது, அரசாங்கத்தில் பத்து கேட்டால் மூன்றுதான் வரும், அதனால்தான் அப்படி எழுதினேன், இப்படி முழுசாகக் கொடுப்பார்கள் என்று யார் கண்டது என்று நாற்காலிக் கதையை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"அப்ப கிளைன்னே எழுதியிருக்கலாம்லா" என்றாள்.

கொஞ்சம் பொறுத்து, "என்னன்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா. இங்கிலீஷ்தானே எனக்குத் தெரியாது" என்றாள். காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு ஒரு வழி இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன், பல தடவை. "சரி, விடுங்க" என்பாள். விட்டுவிட்டாள் என்றுதான் நானும் நம்பினேன். அந்த வருடம் நிழல் போய் மேற்கு வெயில் நேராகத் தகரப் பெட்டியில் விழுந்தது. கூலரில் வெந்நீர்க் காற்று வந்தது. அவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. ஜூனில் அடுத்த ஆந்தி வந்தது. நான் மேற்கு வானத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன், அவள் பால்கனிக்குப் போகட்டும் என்று. அவள் சமையலறையிலிருந்து வந்து, முன்னறையில் ஆரம்பித்து, ஒவ்வொரு சன்னலாகச் சாத்திக் கொக்கி போட்டாள். தயிரை மூடினாள். பால்கனிக் கதவின் இடுக்கில் துணியைச் செருகினாள். பதினோரு வருடம் நான் கத்திக் கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் தூசி என்பதே இல்லை. வருகிறவர்களெல்லாம் வீட்டைப் புகழ்வார்கள்.

அடிக்கட்டையிலிருந்து இரண்டு தடவை துளிர் வந்தது. நான் ரகசியமாகச் செங்கல் அடுக்கி, முள் வைத்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் மாடு தின்றுவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் மயூர் விஹாரில் கூட்டுறவுச் சங்கத்து ஃப்ளாட்டுக்குக் குடி போனோம். மூன்றாவது மாடி. அப்போது அந்தப் பக்கம் கட்டடங்கள் அதிகம் கிடையாது. யமுனைக் கரை வரை வயலும் நாணலும்தான். காற்றுக்குக் குறைவே இல்லை. அந்த வீடுதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்து, சீட்டுக் குலுக்கலில் எனக்கு விழுந்ததை வேறொருவரோடு மாற்றி வாங்கியதே அந்தப் பால்கனிக்காக. அவளிடம் காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லாமல் காரியம் செய்கிற புத்தி அப்போதும் என்னை விட்டுப் போயிருக்கவில்லை.

குடி போன முதல் கோடையில் ஒரு மத்தியானம் மேற்கு வானம் செங்கல் நிறமாயிற்று. நான் எழுந்து வீட்டில் இருந்த அத்தனை சன்னலையும் திறந்தேன். பால்கனிக் கதவைத் திறந்து, அடித்துச் சாத்தாமல் இருக்கச் செங்கல்லை முட்டுக் கொடுத்தேன். வெளியே இரண்டு நாற்காலி போட்டு ஒன்றில் உட்கார்ந்தேன். நாணல் மொத்தமும் ஒரு பக்கமாகப் படுத்து எழுந்தது. பருந்துகள் உயரே சுற்றின. காற்று முகத்தில் வந்து அடித்தது. கண்ணை மூடவில்லை.

"இங்கன வாயேன். பருந்தப் பாரு" என்று கூப்பிட்டேன்.

உள்ளே சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. கடைசியில் பால்கனிக் கதவுக்கு வந்தாள். குனிந்து செங்கல்லை எடுத்தாள். பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியையும் அதில் அதற்குள் படிந்துவிட்ட புழுதியையும் பார்த்தாள். அவள் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. என்மேல் நிஜமான அக்கறைதான் இருந்தது.

"உள்ள வாங்க. தூசி வருது" என்றாள்.

நான் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.